சாமான் எண் இருநூற்றுப் பதினான்கு

இந்த ஊருக்குத் தண்ணீர் கொடுத்தது யார் என்று கேட்டால் தண்ணீர் இலாகா என்பார்கள். இலாகாவாவது, மண்ணாங்கட்டியாவது. கொடுத்தது ஒரே ஓர் ஆள். வயது நாற்பத்தெட்டு. வலது தோள் இடது தோளைவிட இரண்டு விரல் இறங்கியிருக்கும். தண்ணீர்க் குழாய் வால்வைத் திருப்புகிற, இடுப்பு உயர இரும்புச் சாவி ஒன்று பத்தொன்பது வருஷமாக அந்தத் தோளில்தான் ஏறி இறங்கியது. ஊரில் எல்லோருக்கும் அவர் சாவிக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய மனைவிக்கே யோசித்தால்தான் நினைவுக்கு வரும்.

தெருக்களுக்கு அடியில் பதினொரு வால்வுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி, குழிக்கு ஓர் இரும்பு மூடி. விடிகாலை நாலரைக்கு மேட்டுத் தொட்டியடியில் ஆரம்பித்தால் எட்டரைக்குள் எல்லாத் தெருவுக்கும் முறைவைத்துத் தண்ணீர் விட்டாக வேண்டும். அதிலே நுணுக்கம் இருக்கிறது. நான்காவதைத் திறக்கும் முன் ஏழாவதை முக்கால்வாசி மூட வேண்டும். மறந்தால் பேக்கரி முனையில் குழாய் வெடிக்கும். ஆறாவது வால்வு எல்லாவற்றுக்கும் எதிர்ப்பக்கமாகத் திரும்பும். எந்தப் புண்ணியவான் மாட்டிவிட்டுப் போனானோ. ஒன்பதாவதைத் திறந்ததும் காற்று சீறும், அது அடங்கும்வரை பொறுத்து இன்னும் பதினாலு சுற்று சுற்ற வேண்டும். ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் ஏறுவது அந்தப் பதினாலாவது சுற்றில்தான்.

இதெல்லாம் எங்கே எழுதியிருக்கிறது என்றால், எங்கேயும் இல்லை. இலாகாவில் ஒரு வரைபடம் இருந்தது. அதன்படி ஊரில் வால்வு ஒன்பது. அந்த ஒன்பதிலும் இரண்டு, ரோட்டை அகலப்படுத்தியபோதே மண்ணுக்குள் போய்விட்டவை. அந்த வரைபடத்துக்குத்தான் கண்ணாடிச் சட்டம் போட்டு இன்ஜினியரின் நாற்காலிக்கு மேலே மாட்டியிருந்தார்கள். வருகிற பெரிய மனிதர்கள் எல்லாம் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். சாவிக்காரர் ஒருநாளும் அதை நிமிர்ந்து பார்த்ததில்லை.

இந்த ஆள் தற்காலிகம். சேர்ந்த அன்றும் தற்காலிகம், பத்தொன்பது வருஷம் கழித்தும் தற்காலிகம். காய்ச்சல் வந்து ஒருநாள் படுத்தால் அன்றைய கூலி போச்சு. தோள்வலிக்குப் பார்த்த டாக்டர், "இன்னும் அஞ்சு வருஷம் இதைத் தூக்கினா கை மேலயே எழும்பாது" என்று பட்டென்று சொல்லிவிட்டார். நிரந்தரம் ஆகிவிட்டால் கை எழும்பாமல் போனாலும் அறுபதுக்கு அப்புறம் சோறு உண்டு. ஆகாவிட்டால் மனைவியின் தையல் மெஷினே கதி. அவளோ பள்ளிக்கூடச் சீருடை தைத்துத் தைத்து ஏற்கெனவே கண்ணாடிக்குள் கண்ணைச் சுருக்குகிறவள். அதனால் அவர் இந்த உலகத்தில் கேட்டது ஒன்றே ஒன்று: நிரந்தரம் என்று ஒரு காகிதம்.

காகிதம் கொடுக்கும் அதிகாரம் தலைநகரத்தில் இருந்தது. தலைநகரம் முந்நூறு கிலோமீட்டர். அங்கே உட்கார்ந்திருந்த கனவான்களுக்கு இந்த ஊரில் வால்வு இருப்பதே தெரியாது. தெரிந்திருந்தாலும் அது தானாகத் திறந்துகொள்கிறது என்று நினைத்திருப்பார்கள். வருஷத்துக்கு ஒரு மனு போகும். வருஷத்துக்கு ஒருமுறை 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வரும். சில வருஷம் அதுவும் வராது.

இலாகாவின் ஸ்டோர் கிளார்க் அவருடைய மனைவிக்குச் சித்தப்பா. இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தவரே அவர்தான். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி எழுதியிருக்கேன் மாப்பிள்ளை. மாசம் பிறந்தா கூலி வந்துடும். ஏன் எதுக்குன்னு மட்டும் நோண்டாதீங்க" என்றார். மாப்பிள்ளை நோண்டவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாவியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். பத்தொன்பது வருஷமாகத் தான் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று படித்துப் பார்க்காதவரையும் சேர்த்துத்தான் திட்ட வேண்டும். வேறு என்ன செய்வது.

இப்படி இருக்கையில்தான் அந்தச் சட்டம் வந்தது. குடிநீர், தெருவிளக்கு, குப்பை, சின்ன ரோடுகள் எல்லாம் இனி இலாகாக்களின் கையில் கிடையாது. அந்தந்த ஊர்ப்பக்கத்து வட்டாரச் சபையிடமே போகும். அதற்கான நிதியும் கூடவே போகும். இலாகா ஆட்கள் அத்தனை பேரும் சபையின் நிரந்தர ஊழியர்கள் ஆவார்கள். பேப்பரில் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அதிகாரம் மக்களின் வாசலுக்கே வருகிறதாம். ஏதோ பால் பாக்கெட் போடுகிற மாதிரி.

சாவிக்காரர் நம்பினார். சபைத் தலைவி இதே ஊரில் மரச்சாமான் கடை வைத்திருப்பவர். அவர் வீட்டுக்குத் தினமும் தண்ணீர் விடுவது யாரென்று அவருக்குத் தெரியாதா என்று நினைத்தார்.

மனைவி நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னாள்: "அங்க தூங்கினவங்க இனிமே இங்க வந்து தூங்கப்போறாங்க. பஸ் செலவு மிச்சம், வேற என்ன?"

"எல்லாத்தையும் இப்படியே பேசு."

"சரி, பேசல. சட்டையைக் குடுங்க, தேய்ச்சு வைக்கிறேன்."

ஒப்படைப்பு விழா சபை மண்டபத்தில் நடந்தது. தலைநகரத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார், ஒன்றரை மணிநேரம் தாமதமாக. ரிப்பன் கட்டிய கோப்பைத் தலைவியிடம் கொடுத்தார். கொடுக்கிறவரும் விடவில்லை, வாங்குகிறவரும் விடவில்லை. போட்டோ சரியாக வரவில்லை என்று மூன்று தடவை கொடுத்து வாங்கினார்கள். பிறகு ஊழியர் பட்டியலை வாசித்தார்கள். முப்பத்தொரு பெயர். பெயர் வந்ததும் ஒவ்வொருவராக எழுந்து கும்பிட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் செத்துப்போன வாட்ச்மேனின் பெயரும் வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை, ஆனாலும் கை தட்டினார்கள். முப்பத்தொன்றாவது பெயர் முடிந்ததும் பட்டியலை மூடிவிட்டு டீ கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். தேய்த்த சட்டையோடு நின்றிருந்த சாவிக்காரரைத் தாண்டி டீத்தட்டு போயிற்று.

நேரே ஸ்டோருக்குப் போனார். சித்தப்பா ஓய்வு பெற ஆறு மாதம் பாக்கி. அவர் பேந்தப் பேந்த விழித்தார்.

"என் பேர் இல்லையே மாமா."

"இருக்கு மாப்பிள்ளை. சத்தியமா இருக்கு. அந்தப் பட்டியல்ல இல்ல, இன்னொண்ணுல."

"எதுல?"

சித்தப்பா தயங்கித் தயங்கி ஒரு தடித்த புத்தகத்தைப் பிரித்தார். சபைக்கு ஒப்படைக்கப்பட்ட தளவாடங்கள். இருநூற்றுப் பதின்மூன்று, ஏணி, மூங்கில், ஒன்று. இருநூற்றுப் பதினான்கு, வால்வு திறக்கும் சாதனம், ஒன்று. இருநூற்றுப் பதினைந்து, கயிறு, இருபது மீட்டர்.

"சாவியைத்தானே எழுதியிருக்கீங்க?"

"சாவி அடுத்த பக்கத்துல தனியா இருக்கு." சித்தப்பாவின் குரல் இறங்கிப்போயிற்று. "அப்ப ஆள் எடுக்கத் தடை. மனுஷன்னு எழுதினா ஆயிரம் கேள்வி வரும். சாமான்னு எழுதினா எவன் கேக்கப்போறான்? பராமரிப்புச் செலவுன்னு போட்டு மாசாமாசம் உங்க கூலியை எடுத்தேன். ஒரு தடவையாவது ஆடிட்ல பிடிச்சானா? பிடிக்கலையே."

அந்த ஆளுக்கு அதில் ஒரு பெருமை வேறு. சாவிக்காரர் புத்தகத்தைப் பட்டென்று மூடினார். பத்தொன்பது வருஷம் இந்த ஊரே குளித்தது, குடித்தது, சமைத்தது. அத்தனைக்கும் தண்ணீர் விட்டது ஏணிக்கும் கயிற்றுக்கும் நடுவில் கிடந்த ஒரு சாமான்.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் மனைவி சித்தப்பாவைப் போனில் பிடித்துக் கிழிகிழியென்று கிழித்தாள். கடைசியில் ஒன்று கேட்டாள்: "சாமானுக்கு வருஷா வருஷம் தேய்மானம் கழிப்பீங்களே, என் புருஷனுக்கும் கழிச்சீங்களா?" கழித்திருக்கிறார். வருஷம் பத்து சதவீதம்.

மறுநாள் தம்பதி இருவரும் தலைவியைப் பார்க்கப் போனார்கள். அதிகாரம் வந்த முதல் வாரத்தில் சபை செய்த காரியங்கள் அறை முழுக்கத் தெரிந்தன. புதுப் பெயர்ப்பலகை. புதுத் திரைச்சீலை. சுழல்கிற நாற்காலி ஒன்று, அதுவும் தலைவியின் கடையில் வாங்கியதுதான். பக்கத்தில் செயலர் உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர், எதைக் கேட்டாலும் முதலில் கண்ணாடியைத் துடைப்பார்.

"கேக்கவே கஷ்டமா இருக்கு" என்றார் தலைவி, நாற்காலியில் லேசாகச் சுழன்றபடி. "உங்களை எனக்குத் தெரியாதா? ஆனா என் கையில என்ன இருக்கு, சொல்லுங்க."

"அதிகாரமெல்லாம் உங்க கைக்கு வந்துடுச்சுன்னு மைக் வெச்சுச் சொன்னாங்களே மேடம்" என்றாள் மனைவி.

செயலர் கண்ணாடியைத் துடைத்தார். "ஆள் போடற அதிகாரம் இன்னும் தலைநகரத்துக்கிட்டதான்மா இருக்கு. சாமான் வாங்கற அதிகாரம் மட்டும் நமக்கு வந்திருக்கு. எழுதிக் கேக்கறோம்."

"நாங்களும் பத்தொன்பது வருஷமா எழுதிக் கேட்டுட்டுதான் இருக்கோம்."

"இப்ப நாங்க கேப்போம்" என்றார் தலைவி. அதையே ஒரு பெரிய உபகாரமாகச் சொன்னார்.

எழுதினார்களோ இல்லையோ, பதில் வரவில்லை. சாவிக்காரர் வழக்கம்போல நாலரைக்குக் கிளம்பினார். மூன்று மாதம் கழித்துச் சபையில் தளவாடச் சரிபார்ப்பு நடந்தது. செயலர் ஒரு மஞ்சள் பெயிண்ட் டப்பாவோடு வந்து ஏணிக்கும் பெட்டிகளுக்கும் எண் எழுதிக்கொண்டே போனார். இருநூற்றுப் பதினான்கு வந்ததும் நின்றார். சாவிக்காரரைப் பார்த்தார், பிரஷ்ஷைப் பார்த்தார்.

"எழுதுங்க சார், வெக்கப்படாதீங்க" என்றார் சாவிக்காரர். "நெத்தியில எழுதறீங்களா, முதுகுலயா?"

செயலர் எழுதவில்லை. ஆனால் புத்தகத்தில் வாங்கிய தேதியைப் பார்த்துவிட்டார். அங்கே பிடித்தது சனி. பதினைந்து வருஷத்துக்கு மேற்பட்ட சாதனத்தைக் கழித்துக்கட்டிவிட்டுப் புதியது வாங்க வேண்டும் என்பது விதி. வாங்குகிற அதிகாரமோ இப்போது சபையிடம். நிதியும் வந்து கிடக்கிறது, வருஷம் முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் தலைநகரத்துக்கே திரும்பிப்போகும். தலைவி கூட்டத்தைக் கூட்டித் தீர்மானம் போட்டார். சாமான் எண் இருநூற்றுப் பதினான்கு பழுதடைந்தது, கழிக்கப்படுகிறது. அதற்குப் பதிலாக மின்சாரத்தில் இயங்கும் வால்வு திறக்கும் இயந்திரம் ஒன்று வாங்கப்படும். பதினெட்டு உறுப்பினர்கள். பதினெட்டு பேருக்கும் அந்தச் சாமான் யாரென்று தெரியும். பதினெட்டு கையும் உயர்ந்தது.

தலைவி அவரைக் கூப்பிட்டு ஆறுதல் வேறு சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க. ஆளை நீக்கற அதிகாரம் எங்களுக்குக் கிடையவே கிடையாது. நாங்க யாரையும் நீக்கல. ஒரு சாமானைத்தான் கழிச்சோம்."

சாவிக்காரர் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த அம்மாள் வீட்டுக் குழாயில் வேகம் போதவில்லை என்று ஒரு கோடை முழுக்க மூன்றாவது வால்வை அரைச்சுற்று கூட்டி வைத்தவர் அவர். திட்டுவதற்கு வாயில் வந்த வார்த்தைகளை வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். இங்கே எழுத முடியாது.

இயந்திரம் வந்தது. தலைக்கவசம் போட்ட டெக்னீஷியன் ஒருவனும் கூடவே வந்தான். கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி வரைபடத்தை அவன் கையில் கொடுத்தார்கள். தலைவி ரிப்பன் வெட்டினார். அவன் நான்காவதைத் திறந்தான், ஏழாவதைத் தொடவே இல்லை. பேக்கரி முனையில் குழாய் வெடித்து, அடுப்பிலிருந்து எடுத்து வைத்திருந்த ரொட்டியெல்லாம் நீந்திற்று. பதறிப்போய் ஆறாவதற்கு ஓடினான். அதை எல்லா வால்வையும் போலத் திருப்பினான். அது திறக்கிற பக்கம் என்று நினைத்து மூடுகிற பக்கமே மேலும் மேலும் இறுக்க, மோட்டார் புகைந்து நின்றது. வரைபடத்தில் இருந்த அடுத்த வால்வைத் தேடி நடுரோட்டைத் தோண்டினான். அங்கே வால்வு இல்லாமல் போய்ப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. சாயங்காலம் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டான்.

மூன்று நாள் ஊரில் சொட்டுத் தண்ணீர் இல்லை. குழாயை ஒட்டிவிட்டார்கள், வால்வுகளை என்ன செய்வதென்று எவனுக்கும் தெரியவில்லை. சபை என்ன செய்தது? தலைநகரத்துக்கு ஒரு கடிதம் எழுதியது. மேலே 'மிக அவசரம்' என்று சிவப்பு மையில் போட்டது.

சாவிக்காரர் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். முதல் நாள் உள்ளுக்குள் ஒரு குரூரமான சந்தோஷம் இருந்தது, பொய் சொல்வானேன். இரண்டாம் நாள் லாரித் தண்ணீருக்கு நிற்கிறவர்களின் சண்டை ஜன்னல் வழியாகக் கேட்டது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன்களைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று மனைவி வந்து சொன்னாள். அதற்கு அப்புறம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"போறீங்களா?" என்றாள்.

"சாவி அவங்ககிட்ட இருக்கு. போய்க் கெஞ்சச் சொல்றியா?"

"நான் எதையும் சொல்லல."

அன்று பத்து மணிக்குச் சபையின் ஜீப் வாசலில் வந்து நின்றது. தலைவி இறங்கினார், பின்னால் சாவியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு செயலர். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

"பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. வந்து திறந்து விடுங்க" என்றார் தலைவி.

"எந்தக் கணக்குல மேடம்?"

"இப்போதைக்குத் தற்காலிகமா..."

'தற்காலிகமா' என்று கேட்டதும் உள்ளேயிருந்து தையல் மெஷின் சத்தம் நின்றது. மனைவி வாசலுக்கு வந்து நின்றாள்.

"கழிச்ச சாமானைத் திரும்ப எடுத்துப் பயன்படுத்தக்கூடாதுன்னு விதி இருக்கு. ஆடிட்ல மாட்டிக்குவீங்க" என்றார் சாவிக்காரர். "அதனால நான் எதையும் தொடமாட்டேன். ஆஸ்பத்திரிக்காக வந்து பக்கத்துல நிக்கறேன். எப்படின்னு சொல்றேன். அதிகாரம் உங்க கைக்கு வந்திருக்குல்ல, நீங்க திருப்புங்க."

செயலர் அவசரமாகச் சாவியைத் தலைவியிடம் நீட்டினார். அந்த மனிதரின் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக எதையும் மேலிடத்துக்கு அனுப்பியிருக்க மாட்டார்.

ஊரே பார்க்கத் தலைவி குழியருகில் குனிந்தார். ஏழாவதை முக்கால்வாசி மூடினார், நான்காவதைத் திறந்தார். ஆறாவதில் இரண்டு கையாலும் தொங்கினார். ஒன்பதாவதில் காற்று சீறியதும் பயந்து சாவியை விட்டுவிட்டுப் பின்னால் ஓடினார். "ஒண்ணும் ஆகாது, வாங்க. இன்னும் பதினாலு சுத்து இருக்கு" என்றார் சாவிக்காரர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. யாரோ சுற்றுகளை உரக்க எண்ணினார்கள். ஒரு மணிக்கு ஆஸ்பத்திரியில் தண்ணீர் ஏறியது. தலைவியின் உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம்.

"நாளைக்கு நாலரைக்கு வந்துடுங்க. தொட்டியடியில நிக்கறேன்" என்று சொல்லிவிட்டுச் சாவிக்காரர் நடந்தார்.

தலைவி வந்தார். வராமல் என்ன செய்வது? செயலருக்கு இரண்டு சுற்றுக்குமேல் மூச்சு வாங்கியது. பதினெட்டு உறுப்பினர்களில் ஒருவர்கூட அந்த நேரத்தில் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் தலைவி கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். நான்காம் நாள் தோல் உரிந்து துணியில் ஒட்டிக்கொண்டது. அன்று குழிக்கரையிலேயே உட்கார்ந்து, "ஏதாவது வழி இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா உங்களை இந்தக் குழிக்குள்ளயே இறக்கிடுவேன்" என்று செயலரிடம் சொன்னார்.

செயலர் போய்ச் சட்டத்தைப் படித்தார். முதல் தடவையாக, முழுதாக.

மத்தியானம் சபையிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். சாவிக்காரர் மனைவியோடு போனார். மேஜைமேல் அடித்து வைத்த உத்தரவு ஒன்று இருந்தது. வால்வு இயக்குநர், நிரந்தரப் பணியிடம் ஒன்று, முன்பணிக்காலம் பத்தொன்பது ஆண்டுகளும் சேர்த்துக்கொள்ளப்படும். கீழே தலைவியின் கோணல்மாணலான கையெழுத்து. கட்டுப்போட்ட கையால் போட்டது.

மனைவி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இரண்டு தடவை படித்தாள். பிறகுதான் அவரிடம் கொடுத்தாள்.

"தலைநகரத்துலேருந்து உத்தரவு வந்துடுச்சா சார்?" என்று கேட்டார் சாவிக்காரர்.

செயலர் கண்ணாடியைக் கழற்றினார். "தலைநகரம் வேண்டியதில்ல. நாப்பத்திரண்டாம் பிரிவு. குடிதண்ணீர் சம்பந்தமான பணியிடத்தைச் சபையே போட்டுக்கலாம். யாரோட அனுமதியும் தேவையில்லை."

"அது எப்ப வந்த பிரிவு?"

"சட்டத்தோடயே வந்ததுதான். விழா அன்னிக்கு வாங்கின கோப்புலயே இருந்துச்சு."

தலைவி அவசரமாகக் குறுக்கிட்டு, "சந்தோஷம்தானே?" என்றார்.

எவ்வளவோ வருஷமாக அந்தக் காகிதம் கைக்கு வரும் நாளை அவர் நினைத்துப் பார்த்திருக்கிறார். அழுதுவிடுவோம் என்றுதான் நினைத்திருந்தார். இப்போது அழுகையே வரவில்லை. அருவருப்புதான் வந்தது.

"உங்க கை எப்படி இருக்கு மேடம்?"

"எரியுது. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல."

"நாலு நாள் உங்க கை எரிஞ்சதும் புத்தகத்தைப் பிரிச்சுப் பாத்துட்டீங்க" என்றார் சாவிக்காரர். "பத்தொன்பது வருஷம் என் கை எரிஞ்சப்ப யாருக்கும் பிரிக்கணும்னு தோணலையே."

தலைவி கட்டுப்போட்ட கையை மேஜைக்குக் கீழே எடுத்துக்கொண்டார். செயலர் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடுகிற இடத்தைக் காட்டினார். சாவிக்காரர் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நிறுத்தி நிதானமாகப் படித்தார், பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார், கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது பழக்கதோஷத்தில் நன்றி என்ற சொல் வாய்வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு மனைவியோடு வெளியே நடந்தார்.